நரிப் பண்ணையும் மாவுச்சத்தும்

மேல்நாட்டுச் சீமாட்டிகளின் தோளில் தவழ்ந்த வெள்ளி நரித்தோலைப் பழைய ஆங்கிலத் திரைப்படங்களில் நாம் பார்த்திருக்கிறோம். அத்தோலைத் தந்த நரி எதைத் தின்று வளர்ந்தது என்று நம்மில் எவரும் கேட்டிருக்க மாட்டோம். கேட்கத் தகுந்த கேள்விதான் அது. ஊனுண்ணும் பிராணிக்குத் தானியம் ஊட்ட மனிதன் முயன்ற கதை அதில் அடங்கியிருக்கிறது. அக்கதையின் நடுவே, அரிசி உண்ணும் நம்மவரின் வரலாறும் வந்து கலக்கிறது.

கனடாவின் கீழ்க்கரையை அடுத்துப் பிரின்ஸ் எட்வர்டு தீவு என்ற சிறு மாநிலம் உள்ளது. உருளைக்கிழங்குக்கும் மீனுக்கும் பெயர்போன இடம். அங்கே ஆல்பர்ட்டன் என்னும் ஊரின் அருகே, சார்லஸ் டால்டன், ராபர்ட் ஔல்டன் என்னும் இருவர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கம்பிவலை அடைப்புக்குள் வெள்ளி நரிகளைக் குட்டி ஈனச் செய்வதில் வெற்றி கண்டனர். வெள்ளி நரி தனி இனமன்று. செந்நரியின் கருநிற வகையே அது. கரிய மயிர்களுக்கிடையே வெள்ளி பூத்தாற்போல் வெண்மை மின்னுவதால் அப்பெயர் பெற்றது. காட்டில் அரிதாகவே அகப்பட்ட அத்தோல் இலண்டன் ஏலத்தில் பொன்விலைக்குப் போயிற்று. சில குடும்பங்கள் தமக்குள்ளேயே காத்து வந்த இந்த இரகசியம் 1910-ஐ ஒட்டி வெளிப்பட்டது. அதன் பின் இனவிருத்திக்கான ஒரு ஜோடி நரி பத்தாயிரம் டாலருக்கு மேலும் விலைபோயிற்று. உழவர்கள் நிலத்தை அடகு வைத்து நரி வாங்கினர். டால்டன் 1930-இல் அத்தீவின் துணை ஆளுநராகவே அமர்ந்தார். நரியினால் ஆளுநரானவர் வேறெங்கும் உண்டோ, நாம் அறியோம்.

இத்துணை விலை கொடுத்து வாங்கிய நரியைப் பட்டினி போட முடியுமா? குதிரை இறைச்சி, மாட்டு ஈரல், மீன், பால், ரொட்டி என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தனர். தோலின் விலை வானளாவ இருந்தவரை தீனியின் விலையை எவரும் கணக்கிடவில்லை. பண்ணைகள் பெருகித் தோலின் விலை இறங்கத் தொடங்கியதும் கணக்குப் புத்தகம் திறந்தது. இறைச்சி விலை மிகுந்தது, தானியமோ மலிவானது. கோதுமை மாவும் ஓட்ஸும் சோளமும் நரியின் தட்டில் மெல்லமெல்ல இடம்பெற்றன.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவோம். கார்போஹைட்ரேட் என்பதைத் தமிழில் நாம் மாவுச்சத்து என்றே வழங்கி வருகிறோம். சர்க்கரையும் நார்ப்பொருளும்கூட அதனுள் அடங்குவனவாதலால் மொழிபெயர்ப்பு முழுமையானதன்று. ஆயினும் நரிக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் மாவே. ஆகவே இக்கட்டுரையின் அளவில் சொல்லும் பொருளும் ஒத்தே நிற்கின்றன.

மாவு எத்தனை பங்கு, இறைச்சி எத்தனை பங்கு என்று முறையாக ஆராய அரசாங்கங்களும் முன்வந்தன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸில் 1923-இலும், கனடாவில் பிரின்ஸ் எட்வர்டு தீவின் சம்மர்சைடில் 1925-இலும் உரோமப் பிராணிகளுக்கென்றே ஆராய்ச்சி நிலையங்கள் அமைந்தன. ஆனால் பெரும்பாடம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வரவில்லை. ஒரு தனியார் பண்ணையிலிருந்து வந்தது.

1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சாஸ்டெக் என்பவரின் பண்ணை நரிகள் தீனியை வெறுத்து ஒதுங்கின. பின்னர் நடை தள்ளாடிற்று, கால்கள் விறைத்தன, வலிப்புக் கண்டது. இந்நிலையை அடைந்த நரிகள் இரண்டு மூன்று நாட்களில் மாண்டன. தொற்றுநோய் என்றே முதலில் ஐயுற்றனர். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரீன் என்பவரும் அவருடைய துணைவர்களும் பல்லாண்டுகள் ஆராய்ந்து உண்மையைக் கண்டனர். அந்நரிகளுக்குப் பச்சை மீன், அதிலும் கெண்டை இனத்தைச் சேர்ந்த கார்ப் மீன், தீனியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கலந்து கொடுக்கப்பட்டிருந்தது. அம்மீனில் உள்ள ஒரு நொதி, தீனியிலுள்ள தயாமின் என்னும் பி1 ஜீவசத்தை அழித்துவிடுகிறது. அதே மீனை வேகவைத்துக் கொடுத்தால் நொதி அழிந்து, தீங்கு நேர்வதில்லை. நோய் கண்ட நரிக்குத் தயாமினை ஊசிவழி செலுத்தினால், வேளை கடவாதிருப்பின், அது எழுந்து நடந்தது. இந்நோய்க்குச் ‘சாஸ்டெக் வாதம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பண்ணை நடத்திய மனிதருக்கு வரலாறு அளித்த கொடுமையான புகழ் அது.

மீன் செய்த தீங்குக்கும் மாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. மாவுச்சத்து உடலில் எரியும்போது இடைவழியில் ஓர் அமிலம் தோன்றுகிறது. அதை மேலும் எரித்துச் சக்தியாக்கத் தயாமின் இன்றியமையாதது. தயாமின் இல்லையேல் அடுப்பு பாதியில் அணைகிறது. மூளையும் நரம்பும் முதலில் வாடுகின்றன. தீனியில் மாவு மிகுந்தால் தயாமினின் தேவையும் மிகும். கொழுப்பு மிகுந்தால் அத்தேவை குறையும். மலிவைக் கருதி மாவைக் கூட்டியவர்கள், தாம் அறியாமலே நரியின் உடலில் இந்த ஜீவசத்தின் செலவையும் கூட்டினர். அதே தட்டில் பச்சை மீனையும் இட்டபோது வரவும் அற்றுப்போயிற்று.

இந்த நோய் நமக்குப் புதியதன்று. மனிதரிடம் அது பெரிபெரி என்று பெயர் பெற்றது. தீட்டிய வெள்ளரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் வாதம் காண்பதை 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கண்டார். தவிட்டைக் கொடுத்ததும் கோழிகள் தேறின. நம் நாட்டில் இது குறித்து ஆராய்வதற்காக 1918-இல் குன்னூரில் மக்காரிசன் தலைமையில் ஒரே அறையில் தொடங்கிய ஆராய்ச்சிப் பகுதிதான் பின்னாளில் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. ஐதராபாத்தில் வாழும் நம்மவர் பலர் அக்கட்டடத்தைத் தாண்டிச் சென்றிருப்பர்; அதன் வேர் நீலகிரியில் இருப்பதை எத்தனை பேர் அறிவர்?

அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் பெரிபெரி வடசர்க்கார் மாவட்டங்களிலேயே மிகுதியாகத் தலைகாட்டிற்று. அங்கே தீட்டிய பச்சரிசி வழக்கத்தில் இருந்தது. தெற்கே புழுங்கலரிசி உண்டவர்களை அந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசியின் உட்புறத்தில் ஊறிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முற்றும் போய்விடுவதில்லை. புழுங்கற் சோறு பட்டிக்காட்டு வழக்கம் என்று பட்டணங்களில் முகம் சுளிப்போர் இச்செய்தியைக் கருத்திற்கொள்வது நன்று.

இன்னுமொரு தொடர்பும் உண்டு. தயாமினின் அமைப்பைத் தெளிந்து 1936-இல் அதைச் செயற்கையாக ஆக்கியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார். அவர் பிறந்தது 1886-இல் நம் நெல்லூரில். தந்தை அங்கே பாதிரியாராக இருந்தார். அமெரிக்கப் பண்ணையில் தள்ளாடி விழுந்த நரியை எழுப்பிய மருந்து, அரிசி உண்போரின் நோயை ஆராய்ந்த வழியில் பிறந்தது என்பதை நினைக்க வியப்பு மேலிடுகிறது.

நரிக்கு மவுசு குறைந்து, மிங்க் என்னும் பிராணிக்கு மவுசு ஏறியபோது மாவின் கதை இன்னும் கடினமாயிற்று. மிங்க் நீர்நாயின் உறவு. நீரோரத்தில் மீனும் தவளையும் எலியும் பிடித்துத் தின்பது. அதன் குடல் மிகக் குறுகியது. முயலுக்கும் குதிரைக்கும் உள்ளதுபோன்ற பெருங்குடற்பை அதற்கு இல்லவே இல்லை. உண்டது சில மணி நேரத்திற்குள் வெளியேறிவிடுகிறது. வேகாத மாவைக் கொடுத்தால் அதில் பெரும் பகுதி செரிக்காமலே கழிந்து, வயிறும் இளகும். தானியத்தை நன்கு வேகவைத்தோ, அழுத்தச் சூட்டில் பொரியச் செய்தோ கொடுத்தால் மாவு நெகிழ்ந்து செரிமானம் வெகுவாக உயர்கிறது. நரி இவ்வகையில் மிங்கைவிடச் சற்று வல்லது. நாயோ இரண்டையும் விஞ்சியது. ஓநாய்க்கு இல்லாத அளவில் மாவைச் செரிக்கும் மரபணுவின் படிகள் நாயிடம் பெருகியிருப்பதை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2013-இல் வெளியிட்டனர். மனிதனின் எச்சிற் சோற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் தின்றதன் பயன் அது. கூண்டில் ஒரு நூற்றாண்டே கழித்த மிங்க் அந்த வரத்தைப் பெறவில்லை.

உண்மையில் மிங்குக்கு மாவு அவசியமா? புரதம் தாராளமாக இருக்குமானால் அவசியமில்லை என்றே சொல்ல வேண்டும். தனக்கு வேண்டிய சர்க்கரையைப் புரதத்திலிருந்து ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதன் ஈரலுக்கு உண்டு. குட்டிகளுக்குப் பாலூட்டும் காலத்திலும் அது அவ்வாறே சமாளிக்கிறது. பின் எதற்காக மாவு? அளவோடு கொடுத்த மாவு எரிபொருளாகி, விலையுயர்ந்த புரதம் எரிந்துபோகாமல் காக்கிறது; அப்புரதம் உடலுக்கும் மயிருக்கும் மிஞ்சுகிறது. வேறொரு காரணம் ஏட்டில் அடங்காதது. மிங்கின் தீனி அரைத்த ஈரக்குழம்பு. அதைக் கூண்டின் கம்பிவலை மேல் உருண்டையாக வைப்பது பண்ணை வழக்கம். வெந்த தானியம் பசைபோல் பற்றிக்கொள்ளாவிட்டால் அது கம்பியின் வழியே கீழே சிந்திவிடும். ஆராய்ச்சியாளர் வகுத்த வரம்பில், தீனி தரும் மொத்தச் சக்தியில் சுமார் 15 முதல் 25 விழுக்காடு வரையே மிங்குக்கு மாவுச்சத்தாக இருக்கலாம். வரம்பை மீறினால் வளர்ச்சி குன்றும், மயிர் மெலியும். தோலுக்காகவே வளர்க்கப்படும் பிராணிக்கு அதனினும் பெரிய குற்றம் வேறில்லை.

இந்தக் கணக்கை டென்மார்க் நாட்டவர் போல் நுணுக்கமாகப் போட்டவர் இலர். மீன்கழிவையும் இறைச்சிக்கூடக் கழிவையும் வெந்த வாற்கோதுமையையும் கோதுமையையும் ஒன்றாக அரைத்துப் பண்ணைதோறும் வண்டியில் அனுப்பும் பொதுச் சமையற்கூடங்களை அவர்கள் நடத்தினர். 2020-ஆம் ஆண்டில் கொரோனாக் கிருமி மிங்குகளிடம் பரவி, அவற்றிலிருந்து மனிதருக்கும் திரும்பியது. அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம் எல்லா மிங்குகளையும் கொல்ல ஆணையிட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பிராணிகள் மாண்டன. நோய் கண்ட பண்ணை, காணாத பண்ணை என்ற வேறுபாடு பார்க்கவில்லை. அவ்வாணைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது பின்னரே தெரியவந்து, அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே நார்வே நாடு உரோமப் பண்ணைத் தொழிலை முற்றிலும் முடித்துவிடச் சட்டம் இயற்றியிருந்தது. நம் இந்தியாவும் மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் தோலை இறக்குமதி செய்வதை 2017 சனவரியில் தடை செய்தது.

பண்ணைகள் மூடினாலும் அங்கே சேர்ந்த அறிவு வேறு தொழிலுக்குப் போயிற்று. சால்மன் மீனும் ஊனுண்ணியே. அதுவும் மாவை எளிதில் செரிக்காது. நார்வேயில் சால்மன் பண்ணைகளுக்கு வாங்கும் மீன்மாவின் தரத்தை அளக்க, அதை முதலில் மிங்குக்கு ஊட்டி, எவ்வளவு செரித்தது என்று கணக்கிட்டார்கள்.