நெல்லுக்கு நோய் வந்தால் நட்டம் யாருக்கு?

திண்டிவனம் பக்கத்து ஊர் ஒன்றில் சம்பா நெல் தூர் கட்டி நின்ற நேரம். வாய்மொழிக் குத்தகையில் அரை ஏக்கர் பயிர் வைத்திருந்த அக்கா ஒருவர் ஓர் இலையைப் பறித்துக் காட்டினார். நுனியிலிருந்து இரு ஓரமும் அலையலையாக மஞ்சளித்து, வைக்கோல் நிறமாகக் காய்ந்திருந்தது. "தண்ணியோட வந்தது தம்பி. மேல வயல்ல பத்து நாளைக்கு முன்னாடியே காய ஆரம்பிச்சிடுச்சி" என்றார்.

இலையை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டிய முனையை அதில் வைத்தோம். சில நிமிடங்களில் பால் போல ஓர் இழை கீழே இறங்கியது. பாக்டீரியா இலைக்கருகல் நோய்தான். அக்கா சொன்னதை அந்த டம்ளர் உறுதிப்படுத்தியது, அவ்வளவே.

பிறகு சேதத்தைக் கணக்கெடுக்க வந்தார்கள். மேல் வயல்காரரின் பெயர் அடங்கலில் இருந்தது, எழுதிக்கொண்டார்கள். அக்காவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. கிருமி பட்டா பார்த்து வரவில்லை. கணக்கு மட்டும் பட்டா பார்த்து எழுதப்பட்டது. நெல் நோய்களின் நூறாண்டு வரலாற்றை நாம் இங்கிருந்துதான் படிக்க வேண்டும்.

1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்த ஊர்களில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு, நெல்லைக் கூலியாகப் பெற்ற படியாட்களை அந்த ஆய்வு பதிவு செய்தது. நாற்றுப் பறித்ததும் நட்டதும் களை எடுத்ததும் அவர்கள் போன்றவர்களே. பயிரின் நிறம் மாறுவதை முதலில் கண்டதும் அவர்கள் கண்கள்தான்.

சில ஆண்டுகளில், 1919இல், தஞ்சை டெல்டாவில் குலைநோய் பெருமளவில் தாக்கியது. இலையில் நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளி, பின்பு கதிர்க்கழுத்து கருகி ஒடிவது இதன் அடையாளம். அரசு பூஞ்சையியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். 1912இல் தொடங்கிய கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் குலைநோயைத் தாங்கும் கோ 4, பின்னர் கோ 25 ரகங்களைத் தந்தது. இவை பெரிய சாதனைகள், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மகசூல் போன ஆண்டில் களத்துக் கூலி என்ன ஆனது என்பது நோயியல் அறிக்கையில் வருகிற கேள்வி அல்ல.

அந்தக் கேள்வியை வங்காளம் கேட்க வைத்தது. 1942இல் அங்கே செம்புள்ளி நோய் நெல்லைக் கடுமையாகத் தாக்கியது. 1943இல் பஞ்சம். விஞ்ஞானி பத்மநாபன் 1973இல் எழுதிய கட்டுரை, அந்தப் பூஞ்சையைப் பஞ்சத்தின் முக்கியக் காரணமாக முன்வைத்தது. 1981இல் அமர்த்திய சென் வேறு கணக்கைக் காட்டினார்: 1943இல் இருந்த உணவு 1941ஐவிடக் குறைவானதல்ல. விலை ஏறியது, கூலி ஏறவில்லை. செத்தவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற விவசாயக் கூலிகள், மீனவர்கள் போன்றோர். நோய் விளைச்சலைக் குறைத்திருக்கலாம். யார் பட்டினி கிடப்பது என்பதை நோய் முடிவு செய்யவில்லை.

செம்புள்ளி நோய் சத்தற்ற மண்ணில்தான் அதிகம் வரும். அதை ஏழை விவசாயியின் நோய் என்பார்கள். குலைநோயோ தழைச்சத்தை அள்ளிக் கொட்டிய வயலை விரும்பும். 1892இல், ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவும் தரிசிலிருந்துதான் ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்தையும் பறிகொடுத்து, மீட்கப் போராடி, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் இருவரைப் பறிகொடுத்தோம். எந்த மண் யாருக்குக் கிடைத்தது என்ற வரலாறு எந்த நோய் யார் வயலுக்கு வரும் என்பதிலும் இருக்கிறது.

1960களில் வந்த குட்டை ரகங்களோடு யூரியாவும் வந்தது. இலைக்கருகல் நோய் பெரிதாகப் பரவியது. அதற்காக மனிதருக்கான ஆன்டிபயாடிக்கையே, ஸ்ட்ரெப்டோமைசினையும் டெட்ராசைக்ளினையும் கலந்து, பல்லாண்டுகள் வயலில் தெளித்தார்கள். நாங்கள் பார்த்த ஊர்களில் கைத்தெளிப்பானைச் சுமந்தவர்களுக்கு முகக்கவசமோ கையுறையோ கிடையாது. 2024 ஜனவரி 1 முதல் பயிர்களுக்கு அந்தக் கலவை தடை. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்ற அச்சமே காரணம். சுமந்த தோள்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

மருந்து இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய உண்டு. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யலாம். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட்டு, பொட்டாஷையும் சேர்க்க வேண்டும். வரப்புப் புல்லை அகற்ற வேண்டும். நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளக் கூடாது. அந்தக் காயத்தின் வழியாகத்தான் பாக்டீரியா நுழைகிறது. நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய விடக் கூடாது.

கடைசி விதியைப் படித்தபோது அக்கா சிரித்தார். ஏரி மதகிலிருந்து வரும் தண்ணீர் மேல் வயல்களைத் தாண்டித்தான் கடைமடைக்கு வரும். நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் சேரிக்காரர் குத்தகைக்கு எடுப்பது பெரும்பாலும் அந்தக் கடைமடையைத்தான். பாசன முறையில் நமக்கும் சம வாய்ப்பு கிடைக்காதவரை அந்த விதி துண்டுப் பிரசுரத்தில் மட்டுமே இருக்கும்.

தோழர்களே, அடுத்த சம்பாவுக்கு உங்கள் காலனிக்குப் போகும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் கொண்டு போங்கள். நோயைப் பெயர் சொல்லி அறியக் கற்றுக்கொடுங்கள், நட்ட பெண்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே, குத்தகைக்குப் பயிர் வைப்பவர்களின் பட்டியலை எடுங்கள். குத்தகைதாரரின் உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969 முதல் சட்டம் இருக்கிறது. பயிர்க் காப்பீடும் குத்தகைதாரரைத் தகுதியானவர் என்றே சொல்கிறது. மனுவை எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள்.

அந்த அக்காவின் மனுவை நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருப்போம்.