திவவு முதல் பூட்டு முறுக்காணி வரை: நரம்பைக் கட்டிய கதை



வழக்கமாக இலக்கணம், பாடத்திட்டம், மாணவர் கட்டுரை எனச் செல்லும் இந்தப் பக்கத்தில் இன்று கித்தார் ஒன்று நுழைந்துள்ளது. தமிழாசிரியருக்கும் மின்கித்தாருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். என் மாணவன் ஒருவனும் அப்படித்தான் வினவினான். அந்த வினாவுக்கான விடையே இக்கட்டுரை.

என் சித்தப்பா மலாக்கா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். 1980களில் தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து நடத்திய இசைக்குழுவில் கித்தார் வாசித்தார். 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தைப் பார்த்த பிறகுதான் கித்தார் வாங்கப் பணம் சேர்க்கத் தொடங்கினாராம். பின்னர்த் தோட்டம் துண்டாடப்பட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. குழுவினர் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் ஜொகூருக்குமாகச் சிதறினர். கித்தார் மட்டும் எங்கள் வீட்டு அலமாரியின் மேல் பல்லாண்டுகள் படுத்துக் கிடந்தது.

சென்ற பள்ளி விடுமுறையில் அதனைக் கீழே இறக்கினேன். சித்தப்பா புதுத் தந்தி பூட்ட முயன்றார். முடியவில்லை. பால்மரம் வெட்டிய அந்த விரல்கள் இப்போது மடங்க மறுக்கின்றன. தந்தியை மூன்று சுற்று ஒழுங்காகச் சுற்றுவதற்குள் அது கையை விட்டுத் துள்ளி ஓடியது. ஒருவாறு பூட்டி முடித்தாலும், பாலத்திலுள்ள நெம்புகோலை ஒருமுறை அழுத்தியதும் சுருதி கலைந்தது.

"போதும் தம்பி, மேலேயே வெச்சிடு" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நரம்பை இழுத்துக் கட்டி, கட்டிய இடத்திலேயே நிற்கச் செய்வது அவ்வளவு கடினமா? தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னைச் சங்க இலக்கியத்தில் கொண்டுபோய் நிறுத்தியது!

1. யாழின் திவவு

நம் முன்னோரின் யாழ், வில்போல் வளைந்த கோடும் தோல் போர்த்த பத்தரும் கொண்டது. பேரியாழுக்கு நரம்பு 21. செங்கோட்டியாழுக்கு 7. இந்நரம்புகளை இறுக்கிப் பிடித்தது எது? கோட்டைச் சுற்றிக் கட்டிய வார்க்கட்டு. அதன் பெயர் திவவு. உரையாசிரியர்கள் இதனை வலிக்கட்டு என்பர்.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் இதற்கோர் அருமையான உவமை தருகிறார். குரங்கொன்று பாம்பைப் பிடித்திருக்கும்போது அப்பாம்பு இறுகியும் நெகிழ்ந்தும் சுற்றிக்கொள்வது போலத் திவவு இருந்ததாம். வேண்டும்போது நெகிழ வேண்டும். வேண்டும்போது இறுக வேண்டும். சுருதி சேர்க்கும் கருவி எதுவாயினும் அதன் இலக்கணம் இதுதான்.

சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைக் கையிலெடுக்கும் இடத்தில் எட்டு வகை இசைச்செயல்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் முதலாவது பண்ணல்; அதாவது நரம்புகளைப் பண்ணுக்கேற்பச் சுருதி சேர்த்தல். வாசிப்பு பிறகுதான். முதலில் நரம்பு நிற்க வேண்டும்!

இன்று அந்த யாழ் நம்மிடம் இல்லை. மட்டக்களப்பின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டுகள் உழைத்து, பாடல் வரிகளிலிருந்தும் உரைகளிலிருந்தும் அதன் வடிவத்தை மீட்டெடுத்தார். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். செய்யும் கைகளும் வாசிக்கும் கைகளும் இல்லாமற் போனதால், சொற்களைக் கொண்டு ஒரு கருவியை மீட்க வேண்டிய நிலை வந்தது. இதை நினைவில் வையுங்கள். பின்னர் மீண்டும் வருகிறேன்.

நம் அண்டை நாடான மியன்மாரில் 'சௌங்' என்னும் வளைந்த யாழ் இன்றும் வாழ்கிறது. அதன் நரம்புகளைக் கோட்டோடு பிணைப்பவை முறுக்கிய சிவப்புக் கயிறுகள். திவவு எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய விரும்புவோர் அதனைப் பார்க்கலாம்.

2. பிரடையும் பற்சக்கரமும்

யாழ் மறைந்த பின் நம் இசையில் வீணை நிலைபெற்றது. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் வீணைக்கு 24 நிலையான மெட்டுகள் அமைந்தன என்பர். வீணையின் ஏழு தந்திகளையும் பிடிப்பவை மரப் பிரடைகள். நுனி சிறுத்த பிரடையைத் துளையில் அழுத்தித் திருகினால், மரத்தோடு மரம் உரசி நிற்கும். உராய்வே அதன் பூட்டு. மழைக்காலத்தில் மரம் ஊதினால் பிரடை திரும்பாது, காய்ந்தால் வழுக்கும்.

ஐரோப்பாவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இதற்கு மாற்று பிறந்தது. திருகு வடிவப் பல்லும் வட்டப் பற்சக்கரமும் சேர்ந்த பொறி அது. குமிழை ஏறத்தாழ 14 முறை சுற்றினால் தந்தி சுற்றியிருக்கும் தண்டு ஒரு முறை சுற்றும். இதனால் நுட்பமாகச் சுருதி சேர்க்கலாம். இன்னொரு சிறப்பும் உண்டு. குமிழால் தண்டைத் திருப்பலாம். ஆனால் தந்தி எவ்வளவு இழுத்தாலும் தண்டால் குமிழைத் திருப்ப முடியாது. மின்கித்தாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோகிராம் விசையுடன் இழுக்கின்றன. அத்தனையையும் சிறு பற்கள் தாங்கி நிற்கின்றன!

3. பூட்டு ஏன் வந்தது?

1954இல் அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் 'ஸ்ட்ராடோகாஸ்டர்' கித்தாரை வெளியிட்டது. அதன் பாலத்தில் சுருள்வில்லும் நெம்புகோலும் இருந்தன. அழுத்தினால் ஆறு தந்திகளும் தளர்ந்து ஒலி தாழும். விட்டால் பழைய நிலைக்கு மீளும். ஆனால் முழுமையாக மீளவில்லை. தண்டைச் சுற்றிய சுற்றுகள் தளர்ந்து, மீண்டும் இறுகும்போது சற்று இடம் மாறிவிடும். பற்சக்கரம் அசையவில்லை, சுற்றுகள்தாம் அசைந்தன.

1970களின் இறுதியில் பிளாய்டு ரோஸ் என்பவர் கழுத்தின் தலைப்பிலேயே தந்திகளைப் பூட்டும் முறையை வகுத்தார். 1980களில் கிளீவ்லண்டு நகரின் ஸ்பெர்ஸெல் நிறுவனம் தண்டுக்குள்ளேயே தந்தியைக் கவ்விப் பிடிக்கும் முறுக்காணிகளைச் செய்தது. கித்தார்க்காரர்கள் இவற்றை 'லாக்கிங் டியூனர்' என்பர். நான் பூட்டு முறுக்காணி என்கிறேன்.

4. எங்கள் வீட்டு மேசையில்

சித்தப்பாவின் கித்தாருக்கு ஆறு பூட்டு முறுக்காணிகள் வாங்க எண்ணினேன். முதலில் துளையை அளந்தேன். பழைய வகைத் துளை, 8.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இக்காலத்து முறுக்காணிகள் பலவற்றுக்கு 10 மில்லிமீட்டர் வேண்டும். துளையிட்டுப் பெரிதாக்கலாம், ஆனால் அகன்ற துளை மீண்டும் சுருங்காது. பழைய அளவிலேயே பூட்டு முறுக்காணி கிடைக்குமென அறிந்து, அதனையே தருவித்தேன். மரத்தில் புதிதாக ஒரு கீறலும் விழவில்லை.

தந்திகளைத் தளர்த்திக் கழற்றினோம். சிறு திருகுகளை அவிழ்த்துப் பழைய முறுக்காணிகளையும், துளையிலிருந்த உலோக வளையங்களையும் மெல்லத் தள்ளி எடுத்தோம். புதிய வளையங்களை அழுத்திப் பொருத்தி, முறுக்காணிகளை நேர்வரிசையில் வைத்து, திருகுகளில் மெழுகு தடவிக் கையாலேயே முடுக்கினோம். மெழுகு தடவாவிட்டால் பழைய மரத்தில் சிறு திருகின் தலை முறிந்துவிடக் கூடும்.

தந்தி பூட்டுவது இன்னும் எளிது. தண்டின் துளையைத் தந்தி வரும் திசைக்கு நேராகத் திருப்ப வேண்டும். தந்தியை நுழைத்து விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பின்புறத் திருகைக் கையால் இறுக்க வேண்டும். பிறகு குமிழைச் சுற்றினால் ஒரு முழுச் சுற்றுக்குள் சுருதி வந்துவிடும். மூன்று சுற்று தேவையில்லை. மீதித் தந்தியை வெட்டிவிடலாம்.

முதல் தந்தியை நான் பூட்டினேன். மீதி ஐந்தையும் சித்தப்பாவே பூட்டினார்.

தடித்த தந்தியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ எனச் செவியாலேயே சுருதி சேர்த்தார். ஆனால் நெம்புகோலை அழுத்தியதும் மூன்றாம் தந்தி மீண்டும் பிசகியது. பூட்டு பொய்த்ததோ என்று அஞ்சினேன். சித்தப்பா சிரித்தார். கழுத்தின் தலைப்பில் தந்தி அமரும் பள்ளத்தைச் சுட்டிக்காட்டி, "இங்கதான் கடிக்குது. பென்சில் கொண்டா" என்றார். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்ததும் தந்தி வழுவழுவென ஓடியது. சுருதி நின்றது. பூட்டு தன் பங்கை மட்டுமே செய்யும். மீதியைச் செய்யப் பழகிய கை வேண்டும்.

5. இது நம்முடையதா?

அந்தக் கித்தாரைப் பள்ளிக்குக் கொண்டு சென்றபோதுதான் ஐந்தாம் ஆண்டு மாணவன் கேட்டான்: "ஐயா, இது நம்ம கருவி இல்லையே?"

1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் உஜோங் பாசிரில் இன்றும் கித்தாரும் வயலினும் ஒலிக்கின்றன. வயலினோ, 19ஆம் நூற்றாண்டில் பாலுசுவாமி தீட்சிதர், வடிவேலு போன்றோரின் கையில் கருநாடக இசைக்குரியதாயிற்று. பின்னர் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்மேண்டலினையும் அவ்வாறே ஆக்கிக் காட்டினார். நம் நாட்டில் பினாங்குத் தமிழரான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் 'அலிகேட்ஸ்' குழுவால் மலாய் இசையுலகையே ஈர்த்தனர். கருவி எங்குப் பிறந்தது என்பதைவிட, யார் கையில் வாழ்ந்தது என்பதே முதன்மை.

1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அது நம் பாடநூல்களில் உள்ளது. அந்த ரப்பர்க் காடுகளின் லயங்களில் மாலை வேளைகளில் ஒலித்த இசை எந்த நூலில் உள்ளது? யாழைப் பற்றியேனும் புலவர்கள் பாடி வைத்தார்கள். அதனால் விபுலாநந்தர் மீட்டார். நம் தோட்டத்து இசைக்குழுக்களைப் பற்றி யார் எழுதி வைத்தார்கள்? வாசித்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. ஆனால் விரல்கள் மடங்கத் தொடங்கிவிட்டன.

ஆகவே அன்பர்களே, உங்கள் தோட்டத்தில் கித்தார் வாசித்தவர் யார்? ஆர்மோனியம், தபேலா வாசித்தவர் யார்? அவர்களிடம் சென்று கேளுங்கள். பெயரையும் ஆண்டையும் ஏட்டில் எழுதி வையுங்கள். நான் சித்தப்பாவின் குழுவிலிருந்து தொடங்கிவிட்டேன். இதுவரை ஏழு பெயர்கள் சேர்ந்துள்ளன.

இப்போது சனிக்கிழமை காலைகளில் சித்தப்பா நான்கு மாணவருக்குக் கித்தார் கற்றுத் தருகிறார். முதற்பாடம் சுருதி சேர்த்தல்.

அன்று மாதவி செய்ததும் அதுதானே?