முதுகு இல்லாத எதிரிகள்

நவம்பர் கடைசியில் பாட்ஸ்பியோர்ட்டில் சூரியன் போய்விடும். ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் திரும்பி வரும். இடையில் கிடக்கும் இரண்டு மாதத்தை நோர்வேஜியர் 'இருட்டுக் காலம்' என்கிறார்கள். மீன்பிடி வள்ளங்களின் விளக்கும் மீன் தொழிற்சாலைகளின் விளக்கும்தான் அப்போது ஊருக்கு வெளிச்சம். காலை பத்து மணிக்குச் சாப்பாட்டுக்கடைக் குசினிக்குள் போய், கோப்பை கழுவி, அடுப்புத் துடைத்து, இரவு பத்து மணிக்கு வெளியே வருகிற எனக்கு இரண்டு நேரமும் ஒரே வானம்தான்.

இப்படியான ஓர் இரவில் அண்ணை தன் வீட்டு நிலவறையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு சூப்பர் நின்ரென்டோ. அண்ணை எண்பதுகளின் பிற்பகுதியில் நோர்வேயின் மக்கள் கல்லூரி ஒன்றுக்கு மாணவராக வந்து, பிறகு மற்றவர்களைப் போல வடக்கே மீன் வெட்ட வந்தவர். தொண்ணூறுகளில் மேலதிக நேர வேலைக் காசில் மகனுக்கு வாங்கிக் கொடுத்த விளையாட்டுப் பெட்டி அது. மகன் இப்போது ஒஸ்லோவில் இருக்கிறான். பெட்டியை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறான். "அனுப்ப முதல் வேலை செய்யுதோ எண்டு பாப்பம் தம்பி" என்றார். நிலவறையிலேயே கிடந்த பழைய ரீவியில் பூட்டினோம். உள்ளே செருகியிருந்தது 'டூம்'.

திரையின் அடியில் ஒரு துவக்கு. அதைப் பிடித்திருக்கும் கை. அதற்குக் கீழே, காயம் படப் பட இரத்தம் வடியும் ஒரு சிறிய முகம். வேறு உடம்பு எங்களுக்கு இல்லை. நடந்தால் சுவர்கள் எங்களை நோக்கி வருகின்றன. மூலையில் திரும்பினால் ஒருவன் நிற்கிறான். சுடவேண்டும். சுட்டேன். அரை மணித்தியாலம் போயிருக்கும். அண்ணை பின்னாலிருந்து சொன்னார்:

"தம்பி, இவங்கள் ஒருத்தரும் முதுகு காட்டுறாங்கள் இல்லை. கவனிச்சனியே?"

நான் கவனித்திருக்கவில்லை. அதன் பிறகு அதையேதான் பார்த்தேன். எந்தப் பக்கத்தால் போனாலும், எவ்வளவு தூரத்தில் நின்றாலும், எல்லோரும் எங்களையே பார்த்தபடி நிற்கிறார்கள். ஏன் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

சுடுபவனின் கண்ணாலேயே உலகத்தைக் காட்டும் இந்த வகை விளையாட்டு, 1973இல் அமெரிக்க நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் சில மாணவர்கள் பொழுதுபோக்காகச் செய்த 'மேஸ் வோர்' என்ற விளையாட்டிலிருந்து வருகிறது. அதில் எதிராளி வெறும் ஒரு கண்ணாக மட்டும் தெரிவான். இருபது வருடங்களின் பின், 1993 டிசம்பர் 10ஆம் திகதி, ஜோன் கார்மக், ஜோன் ரொமேரோ முதலானோரின் 'இட் சொஃப்ற்வெயர்' நிறுவனம் கொம்பியூற்றருக்காக 'டூம்' விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முதல் நாள்தான் வீடியோ விளையாட்டுகளில் வரும் வன்முறை பற்றி அமெரிக்க செனற் சபையில் விசாரணை நடந்திருந்தது.

அந்த டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. 1990இலேயே நின்றுபோயிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம். எனக்கு அப்போது ஆறு வயது. சுற்றுவது என் வேலை.

டூமைச் செய்தவர்கள் அதன் பூதங்களில் சிலவற்றை முதலில் களிமண்ணில் பிடித்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு எதிரியையும் எட்டுத் திசைகளிலிருந்து பார்க்கலாம். அவன் நடந்து போனால் முதுகு தெரியும். எதிரி உங்களைக் காணாமல் சுவரைப் பார்த்துக்கொண்டும் நிற்பான். அப்படியே விட்டுவிட்டு நீங்கள் போய்விடவும் முடியும்.

இதை வீட்டு ரீவியில் பூட்டும் மலிவான பெட்டிகளுக்கு இறக்கியபோதுதான் வெட்டுக்கொத்து தொடங்கியது. 1994இல் வந்த அற்றாரி ஜாகுவார் பதிப்பில் விளையாடும்போது இசை இல்லை. அதே வருடம் சேகா 32எக்ஸ் பெட்டிக்கு வந்ததில் கட்டங்கள் பதினேழாகக் குறைந்தன. சூப்பர் நின்ரென்டோவுக்கு இது முடியாத காரியம் என்றே பலர் நினைத்தார்கள். ரான்டி லின்டன் என்ற நிரலாளர், மூல நிரல் கையில் இல்லாமலே, தானாக ஒரு மாதிரியைச் செய்து காட்டினார். 1995இல் அது வெளிவந்தது. பெட்டியின் வேகம் போதாததால் விளையாட்டின் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே 'சூப்பர் எப்எக்ஸ் 2' என்ற இன்னொரு சில்லை வைத்தார்கள். இடமோ மொத்தம் இரண்டு மெகாபைற். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படமே அதைவிடப் பெரிது. அதற்குள் அடைக்க, நிலத்தின் கோலமும் கூரையின் கோலமும் போயின. 27 கட்டங்கள் 22 ஆயின. எதிரிகளின் பக்கவாட்டும் முதுகும் போயின. முன்பக்கம் மட்டும் மிஞ்சியது. சேகா 32எக்ஸ் பதிப்பிலும் இதே கதைதான்.

அண்ணையின் கேள்விக்கு விடை இவ்வளவுதான்: முதுகு வைக்க இடம் போதவில்லை.

இடப் பற்றாக்குறையால் போனவை இவை. வெட்கத்தினால் போனவையும் உண்டு. இட் சொஃப்ற்வெயரின் முந்திய விளையாட்டான 'வூல்பென்ஸ்ரைன் 3டி' ஒரு நாஜிக் கோட்டையிலிருந்து தப்புகிற கதை. அது 1994இல் சூப்பர் நின்ரென்டோவுக்கு வந்தபோது சுவஸ்திகாவை எடுத்தார்கள். ஹிட்லரின் மீசையையும் பெயரையும் எடுத்தார்கள். இரத்தத்தை எடுத்தார்கள். காவல் நாய்களுக்குப் பதிலாகப் பெரிய எலிகளைப் போட்டார்கள். அதாவது வீட்டு வரவேற்பறையில் ஒரு பிள்ளை மனிதனைச் சுடலாம், நாயைச் சுடக் கூடாது. யேர்மனியில் மூலப் பதிப்பு அதே வருடம் நீதிமன்ற உத்தரவால் தடைசெய்யப்பட்டது. டூமும் 1994 முதல் 2011 வரை அங்கே இளைஞருக்குத் தீங்கானவை என்ற பட்டியலில் இருந்தது.

குசினிக்காரன் என்பதால் எனக்குப் பிடித்துப்போன கதை ஒன்று. வூல்பென்ஸ்ரைனின் அதே இயந்திரத்தை வைத்து 'விஸ்டம் ட்ரீ' என்ற கிறிஸ்தவ நிறுவனம் நோவாவின் பேழையைப் பற்றி ஒரு விளையாட்டுச் செய்து, நின்ரென்டோவின் அனுமதியின்றியே விற்றது. அதே நடை, அதே தாழ்வாரங்கள். ஆனால் கையில் இருப்பது கவண். அதனால் மிருகங்களுக்குத் தீனி எறியவேண்டும். வயிறு நிறைந்ததும் ஆடு படுத்துத் தூங்கிவிடும். ஆள் விழுந்து சாவதற்கும் ஆடு உண்டு உறங்குவதற்கும் அந்த இயந்திரத்துக்கு ஒரே கணக்குத்தான்.

மறுபக்கமாகவும் அது திரும்பியது. 1996இல் அமெரிக்க மரைன் படையினர் டூமின் இரண்டாம் பாகத்தை மாற்றி, பூதங்களை எடுத்துவிட்டு மனிதப் படையினரைப் போட்டு, நால்வர் குழுவுக்குப் பயிற்சிக் கருவியாக்கினார்கள்.

அப்படியானால் இந்த விளையாட்டுகள்தான் கொலைகாரரை உண்டாக்குகின்றனவா? நோர்வேயில் இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு அல்ல. 2011 ஜூலை 22இல் ஒஸ்லோவிலும் உத்தோயா தீவிலும் ஒருவன் 77 பேரைக் கொன்றான். அவன் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. உத்தோயாவிலிருந்து நீந்தித் தப்பியவர்களில் ஒருவர், மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்த கம்ஷாஜினி குணரட்னம். 2015இல் அவர் ஒஸ்லோவின் துணை மேயரானார். படுகொலைக்குப் பின் 'கூப்' கடைகள் துப்பாக்கி விளையாட்டுகளைத் தற்காலிகமாகத் தட்டுகளிலிருந்து இறக்கின. ஒரு போர் விளையாட்டில் குறிபார்க்கப் பழகியதாகக் கொலைகாரன் 2012இல் நீதிமன்றத்தில் சொன்னான்.

துக்கத்தில் இருப்பவர்கள் தட்டைக் காலியாக்குவது எனக்கு விளங்குகிறது. ஆனால் எனக்குத் தெரிந்து துவக்கு எடுத்த பெடியங்களில் ஒருவனும் டூம் விளையாடியவன் அல்ல. 1995இல் போன என் பெரியம்மாவின் மகன் ரீவி பார்த்ததே ஜெனரேற்றர் வைத்துப் படம் போட்ட வீடுகளில்தான். எங்களுக்கு முதுகு இல்லாத எதிரியைக் காட்டியது வேறு ஏதோ.

2007இல் நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். இரண்டாம் வருடத்தோடு அந்தப் படிப்பு நின்றுபோனது. போகிற வழிச் சந்தியில் ஒரு காவலரண். தினமும் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, முகத்தைக் காட்டி நடக்கவேண்டும். மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம், மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு ஆமிக்காரன் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தான். சேர்ட் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மண்ணைப் போட்டுத் தேய்த்தான், எங்கள் வீட்டில் தேய்ப்பது போலவே. என் அட்டையை வாங்கிப் பார்த்தவனின் முகம் இன்று நினைவில் இல்லை. இந்த முதுகு இருக்கிறது. இதனால் அவர்கள் செய்த எதுவும் சிறிதாகிவிடாது. ஆனால் அதுவரை அவர்களில் ஒருவனுக்கும் நான் முதுகு வைத்திருக்கவில்லை.

அவர்களும் எங்களுக்கு வைத்திருக்கவில்லை. எங்களுக்குள்ளேயே மாற்று இயக்கத்தவனுக்கும் யாரும் வைத்திருக்கவில்லை.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய தாயை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மகன் புறமுதுகிட்டுச் செத்தான் என்று கேட்டுக் கொதித்தவள், களத்தில் அவன் உடலைக் கண்டதும் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். மார்பில் காயம் என்றால் வீரம், முதுகில் காயம் என்றால் வெட்கம். நாங்கள் முதுகைத் துடைத்தெறிந்தது இரண்டு மெகாபைற் போதாமல் அல்ல. இடம் தாராளமாக இருந்தது.

1997இல் பிரித்தானியாவின் 'ரெயர்' நிறுவனம் நின்ரென்டோ 64க்காக 'கோல்டன்ஐ 007' செய்துகொண்டிருந்தது. பின்னாளில் நான்கு பேர் ஒரே ரீவியை நான்காகப் பிரித்து விளையாடிப் புகழ்பெற்ற விளையாட்டு அது. நின்ரென்டோவின் மூத்த வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ அதைப் பார்த்துவிட்டு, கொலை அதிகமாக இருக்கிறது என்று சொல்லி ஓர் யோசனை அனுப்பினாராம்: முடிவில், சுடப்பட்ட எதிரிகள் எல்லோரையும் ஆஸ்பத்திரியில் பார்த்துக் கைகுலுக்கும்படி வைத்தால் என்ன? பணிப்பாளர் மார்ட்டின் ஹொலிஸ் பிற்காலத்தில் இதைச் சொன்னார். அந்தக் காட்சியை அவர்கள் செய்யவில்லை. பதிலாக, முடிவில் பாத்திரங்களை நடிகர்களைப் போல அறிமுகப்படுத்தினார்கள்.

இந்தக் கதையை நான் அண்ணைக்குச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. 2002 டிசம்பரில் இதே நோர்வேயின் அனுசரணையோடு ஒஸ்லோவில் இரு தரப்பும் பேசியதையும், ரீவியில் வந்த கைகுலுக்கல்களையும் அவர் நினைத்திருக்கவேண்டும். அது மேசையில் நடந்த கைகுலுக்கல். ஆஸ்பத்திரி வரைக்கும் ஒருவரும் போகவில்லை. 2009இல் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போனவை எறிகணைகள்.

பெட்டி வேலை செய்கிறது என்று சொல்ல அண்ணை ஒஸ்லோவுக்கு ரெலிபோன் எடுத்தார். மகன் சின்ன வயதில் இதை விளையாடும்போது அவர் ஒருநாளும் பக்கத்தில் இருந்ததில்லையாம். வெடிச் சத்தம் கேட்டதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பனிக்குள் வெளியே போய்விடுவாராம். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதைப் பற்றி மகனோடு கதைத்தார்.

"அவங்களுக்கு முதுகு இல்லையடா" என்றார்.

"அது எனக்கு அப்பவே தெரியும் அப்பா" என்று ஸ்பீக்கரில் மகனின் குரல் கேட்டது. "அதுதான் எனக்குப் பயம். எங்கை போய் ஒளிச்சாலும் என்னையே பாத்துக்கொண்டு நிப்பாங்கள். நீங்களும் வெளியாலை போயிடுவியள்."

அண்ணை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, பெட்டியைத் தபாலில் அனுப்பவில்லை, தானே கொண்டு வருகிறேன் என்றார்.