சிறைவாசலில் பிறந்த சட்டம்

நம் ஊரில் பரோல் என்றால் கைதிக்குக் கிடைக்கும் சில நாள் விடுப்பு. கலிபோர்னியாவில் அது சிறைக்காலம் முடிந்து வெளியே வந்தவரை அரசு கண்காணிக்கும் காலம். அந்தக் கண்காணிப்புக்குள் மருத்துவமனை வாசத்தையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தது 1985-ல் இயற்றப்பட்ட சட்டம்.

1976-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன் அங்கே தண்டனைக்குத் திட்டமான முடிவு கிடையாது. "ஓராண்டு முதல் ஆயுள் வரை" என்றுகூடத் தீர்ப்பு எழுதுவார்கள். விடுதலை நாளைப் பரோல் வாரியம் முடிவு செய்யும். மனநோயின் பிடியில் வன்முறை செய்தவர் தேறவில்லை என்று வாரியம் கருதினால், விடுதலை தள்ளிப்போகும். ஒரே குற்றத்துக்கு ஒருவர் இரண்டு ஆண்டு, இன்னொருவர் பத்து ஆண்டு என்று கிடந்த அநீதியை ஒழிக்க, 1976-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரும்பாலான குற்றங்களுக்குத் தண்டனைக்காலம் வரையறுக்கப்பட்டது. குறித்த நாள் வந்தால் கைதியை விட்டாக வேண்டும், அவர் எந்த மனநிலையில் இருந்தாலும்.

மருத்துவமனைப் பக்கமும் வழி குறுகியிருந்தது. 1967-ல் ரொனால்ட் ரீகன் ஆளுநராக இருந்தபோது வந்த சட்டம், மனநோயாளிகளை விருப்பத்துக்கு மாறாக ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கும் பழக்கத்துக்கு முடிவு கட்டியது. முதலில் 72 மணி நேரம், பிறகு 14 நாள். அதற்கு மேல் போக வலுவான காரணம் வேண்டும். இரண்டுமே மனிதரின் சுதந்திரத்தை மதித்த சீர்திருத்தங்கள். ஆனால், கடும் மனநோயோடு சிறையிலிருந்து வெளிவரும் வன்முறைக் குற்றவாளிக்கு இரண்டிலும் இடமில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப 1985-ல் இயற்றப்பட்ட சட்டம் 1986 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்ப, அவருக்குக் கடுமையான மனநோய் இருக்க வேண்டும்; அது அடங்காமலோ, சிகிச்சை இல்லாமல் அடக்கிவைக்க முடியாமலோ இருக்க வேண்டும்; குற்றத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்; குற்றம் வன்முறை சார்ந்ததாக இருக்க வேண்டும். விடுதலைக்கு முந்தைய ஓராண்டில் 90 நாளாவது சிகிச்சை பெற்றிருக்கவும் வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. உள்ளே இருந்தபோது ஒருவரின் நோயைக் கவனிக்காத அரசு, வாசலில் வைத்து அதைக் காரணம் காட்ட முடியாது.

ஆனாலும் பிறந்தபோது சட்டத்தில் பெரிய குறை ஒன்று இருந்தது. கைதி இப்போது ஆபத்தானவரா என்று அது கேட்கவில்லை. கிப்சன் வழக்கில் 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சம உரிமைக்கு எதிரானது என்றது. அவரால் பிறருக்கு உடல்ரீதியான பெரும் ஆபத்து உண்டு என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று 1989-ல் சட்டம் திருத்தப்பட்டது.

இன்று அப்படி அனுப்பப்படும் ஆண்களில் பலர் அட்டாஸ்கடெரோ அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். வாரியத்தின் முடிவை எதிர்த்து ஜூரி விசாரணை கேட்கலாம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. ஜூரிகள் அனைவரும் ஒருமனதாக ஏற்க வேண்டும். பரோல் காலம் முடிந்த பிறகும் வைத்திருக்க வேண்டுமானால், ஒவ்வோர் ஆண்டும் அரசு நீதிமன்றத்தில் மறுபடி நிரூபிக்க வேண்டும். அவசரநிலை தவிர, நீதிமன்ற முடிவில்லாமல் மனநோய் மருந்தைக் கட்டாயமாகக் கொடுக்கக்கூடாது என்று 2004-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

தண்டனையைக் கழித்துவிட்டவர் அரசுக்குக் கடன்பட்டவர் அல்ல. அவரை இன்னும் வைத்திருக்க நோயும் ஆபத்தும் சேர்ந்தே காரணமாக இருக்க வேண்டும். பதிலுக்கு அரசு தர வேண்டியது உண்மையான சிகிச்சை. அது கிடைக்காத இடத்தில் மருத்துவமனை என்ற பெயரில் நடப்பது இரண்டாவது சிறைவாசம்தான்.