ஆட்டம் நின்ற பாலமும் நிற்காத பெயரும்

2000 ஜூன் 10 அன்று இலண்டனில், தேம்ஸ் நதியின் குறுக்கே மில்லேனியம் நடைபாலம் திறக்கப்பட்டது. மக்கள் திரண்டு நடக்கவே பாலம் பக்கவாட்டில் அசைந்தது. விழாமலிருக்க ஒவ்வொருவரும் அசைவுக்கு இசைவாக அடியெடுத்து வைக்க, அசைவு மேலும் வலுத்தது. இரண்டு நாளில் மூடிவிட்டார்கள். பொறியாளர்கள் இந்நிகழ்வை நீண்டதொரு கலைச்சொல்லால் குறித்தார்கள். ஊரார் பாலத்தை 'வாப்ளி' என்றார்கள்.

நம்மைக் கவர்வது அந்தத் தேர்வுதான். 'ஷேக்கி' என்றிருக்கலாம். ஆனால் அதில் அவநம்பிக்கை உண்டு. ஆதாரம் போதாத வாதத்தையும் ஆங்கிலேயர் அப்படித்தான் சொல்வர். 'ரிக்கெட்டி' என்பது ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயின் பெயரிலிருந்து பிறந்தது. உளுத்துப்போன நாற்காலிக்குத் தகும், புத்தம்புதிய எஃகுப் பாலத்துக்குத் தகாது. 'அன்ஸ்டெடி'யோ மருத்துவர் குறிப்பில் எழுதத் தக்க, உணர்ச்சியற்ற சொல். வாப்ளியின் வேர்வினையான 'வாபிள்' 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. குழந்தையின் ஆடும் பல், தட்டில் குலுங்கும் ஜெல்லி, காய்ச்சல் விட்டு எழுந்தவரின் கால்கள் என்று வீட்டுக்குள் புழங்கும் சொல் வாப்ளி. அதில் கேலி உண்டு, பழி இல்லை. (நமது 'தள்ளாட்டம்' இங்கே உதவாது, முதுமையோ கள்ளோ கூடவே வந்து நிற்கும்.)

ஏறத்தாழ 50 இலட்சம் பவுண்டு செலவில் அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தப்பட்டு, 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆட்டம் அடங்கிவிட்டது. இலண்டன்வாசிகள் பலருக்கு அது இன்னமும் 'வாப்ளி பிரிட்ஜ்'தான்.