மைக் செட் அண்ணாச்சி நடத்திய வால்வுப் பாடம்



என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் இப்போது கிடார் வாசிக்கிறார். ஆம்ப்ளிஃபயரின் முதல் வால்வை மாற்றியதும் ஒலியின் குணமே மாறிவிட்டது, ஏன் சார் என்று கேட்டிருந்தார். இதற்கான விடையை எனக்குச் சொல்லித் தந்தவர் தென்காசியில் மைக் செட் வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. அவருக்கு நான் பட்ட கடனும் ஒன்று பாக்கி இருக்கிறது.

1970களின் தொடக்கம். காசி விசுவநாதர் கோயிலில் அப்போது மொட்டைக் கோபுரம்தான். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் எழுந்தது. ஐப்பசித் திருக்கல்யாணம் வந்தால் ஊரெங்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். மேஜை மேல் வால்வு ஆம்ப்ளிஃபயர். சுவிட்சைப் போட்டதும் பாடாது. வால்வுகள் சூடேறிச் சிவக்க அரை நிமிடமாவது ஆகும்.

அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906இல் மூன்று மின்முனை வால்வை உருவாக்கினார். நடுவிலுள்ள கம்பி வலையில் சிறு மின்னழுத்தம் மாறினால், அதைக் கடந்து செல்லும் மின்னோட்டமும் கூடவே ஏறி இறங்கும். சின்ன மதகு பெரிய கால்வாயை ஆட்டி வைப்பது போல. 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்துவிட்டாலும் நம் பக்கத்துத் திருவிழாக்களில் வெகுகாலம் வால்வு ராஜ்ஜியம்தான். 1960களில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸிலும் வால்வுகள் தயாராயின.

ஓர் இரவு மெல்லிசைக் கச்சேரி. கிடாரை மைக் சொருகும் இடத்திலேயே சொருகிவிட்டார்கள். ஒரே கரகரப்பு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியார் நான், சும்மா இருப்பேனா? "அண்ணாச்சி, வால்யூமைக் குறைங்க" என்றேன். குறைத்தார். சத்தம் குறைந்தது, கரகரப்பு போகவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஆறவிட்டு, துண்டால் பிடித்து முதல் வால்வைப் பிடுங்கினார். டப்பாவிலிருந்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்தார். "ரெண்டுக்கும் அதே ஒன்பது கால்தானே, இதில் என்ன மாறப்போகிறது?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன்.

"சார், வால்யூம் அந்த வால்வுக்குப் பொறவுல்லா இருக்கு. சத்தம் அதுக்கு முன்னாடியே உடைஞ்சிட்டு. பொறவு கொறைச்சு என்ன செய்ய?" என்றார் அமைதியாக. சூடேறியதும் கிடார் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் புத்தகத்தைப் புரட்டினேன். பிடுங்கியது ஈசிசி 83, போட்டது ஈசிசி 82. முதலாவதன் பெருக்க எண் 100; இரண்டாவதற்கு 17 முதல் 20 வரை. மின்சுற்றில் பொருத்தும்போது இந்த எண் முழுதும் கிடைக்காது. ஏறக்குறைய 60 மடங்கும் 15 மடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் ஒரே கண்ணாடிக்குள் இருந்த இரு பாதிகளும் அடுத்தடுத்துப் பெருக்கிய பிறகுதான் வால்யூம் வரும்.

வகுப்புக் கணக்காகவே போடுவோம். கிடார் தருவது 0.1 வோல்ட் என்றால், ஈசிசி 83இல் அது 6 வோல்ட்டாகி, பின் 360 வோல்ட் ஆக வேண்டும். வால்வுக்குக் கிடைப்பதே 250 வோல்ட் என்றால்? அலையின் உச்சி வெட்டுப்படும். அதுதான் கரகரப்பு. ஈசிசி 82இல் 1.5 வோல்ட்டாகி, 22 வோல்ட்டோடு நிற்கும். உச்சி தப்பியது. மைக் தருவதோ வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதற்கு 83 வேண்டும்.

குற்றாலம் பேரருவி நேரே தலையில் விழுந்தால் யார் நிற்க முடியும்? பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் தணிந்து வருவதால்தான் கீழே நின்று குளிக்கிறோம். கீழே குடை பிடித்துப் பயனில்லை. மேலேயே தணிய வேண்டும்.

இதே மாற்றம் லண்டனில் தலைகீழாக நடந்தது. அமெரிக்காவின் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயரில், 1950களின் இறுதியில், முதல் வால்வு 12ஏஒய்7. பெருக்க எண் 40ஐ ஒட்டியது. 1960களின் தொடக்கத்தில் ஜிம் மார்ஷலின் கடையில் அதைப் பார்த்துச் செய்தவர்கள் அந்த இடத்தில் ஈசிசி 83ஐப் போட்டார்கள். ஒலி சீக்கிரம் உடைந்தது. அந்த உடைவே ராக் இசையின் குரலாயிற்று. அண்ணாச்சி துரத்திய கரகரப்பை அங்கே தேடி வாங்கினார்கள்! குறையா குணமா என்பதைக் கேட்கிறவர் காதுதான் முடிவு செய்கிறது.

மறுநாளே எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஆனால் அவரிடம் போய், "நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்லவில்லை. வாத்தியார் கௌரவம். பிறகு டிரான்சிஸ்டர் செட் வந்தது. வால்வு டப்பா பரணுக்குப் போனது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எல்லார் முன்னாலும் சிரித்ததை, இன்று எல்லார் முன்னாலும் திரும்பப் பெறுகிறேன்.

யார் வீட்டுப் பரணிலாவது பழைய வால்வு செட் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். தெரியாமல் திறக்கவும் வேண்டாம்; அணைத்த பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.