இருபத்தைந்து ரூபாய்ச் சந்தா

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள். அங்கே ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். குசலம் விசாரித்து முடித்ததும், "அண்ணா, ஜி.எஸ்.டி.யில ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தாள். தெரிந்த வரைக்கும் சொன்னேன்.

"ஏம்மா, உங்க டிபார்ட்மெண்டுல கேக்க ஆள் இல்லையா?"

"எல்லாரும் என்னை மாதிரிதான். ஒருத்தரும் ஒரு ரிட்டர்ன் கூட போட்டுப் பார்த்ததில்ல."

"ரெஃப்ரெஷர் கோர்ஸ் போனியே?"

"அது சர்டிபிகேட்டுக்கு அண்ணா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கிளையில் எங்களுக்குச் சந்தேகம் வந்தால் ரீஜனல் ஆபீசுக்கு போன் போடுவோம், சர்க்குலரைப் புரட்டுவோம். சின்ன ஊர்க் கல்லூரி ஆசிரியர் யாரைக் கேட்பார்?

இந்தக் கேள்விக்கு நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் பதில் கண்டுபிடித்திருக்கிறார். அதில் பாதிக் கதை நான் இப்போது குடியிருக்கும் இந்தப் புனேயில் நடந்தது. கணக்கில் நான் பி.காம். அளவுதான், அதனால் சூத்திரம் எதுவும் வராது, பயப்படாமல் படிக்கலாம் :-)

1907-ல் வி.ராமசுவாமி அய்யர் கூத்தியில் டெபுடி கலெக்டர். அனந்தப்பூர் பக்கம், அன்றைய சென்னை மாகாணத்து ஊர். கணிதத்தில் தீராத பித்து. ஆனால் வெளிநாட்டுக் கணித இதழ்களையும் புத்தகங்களையும் ஓர் ஆள் தன் சம்பளத்தில் வாங்கிக் கட்டுப்படியாகாது. பெரிய நகரங்களைத் தாண்டினால் நூலகமும் கிடையாது. கல்லூரிகளில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் இதே கதிதான். பட்டம் வாங்கிய வருடத்தில் படித்ததோடு சரி, அதற்கப்புறம் உலகத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாது.

அவர் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆளுக்கு வருடம் 25 ரூபாய் போடுவோம், அந்தப் பணத்தில் இதழ்கள் வரவழைப்போம், தபாலில் சுற்றுக்கு விட்டு முறை வைத்துப் படிப்போம். நம் வீட்டுப் பெண்கள் போடும் சீட்டு மாதிரிதான், பணத்துக்குப் பதில் படிப்பு. 20 பேரோடு தொடங்கியது அனலிடிக் கிளப். அதுதான் பெயர் மாறி, 1910-ல் இந்தியக் கணிதச் சங்கம் ஆனது.

புத்தகங்களை எங்கே வைப்பது? புனே ஃபெர்குசன் கல்லூரியில். அங்கே முதல்வராக இருந்த ஆர்.பி.பராஞ்சபே, கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பிடித்த முதல் இந்தியர். அவரே நூலகப் பொறுப்பையும் ஏற்றார். இங்கிருந்துதான் இதழ்கள் உறுப்பினர்களுக்குத் தபாலில் போயின. வாரம் ஒருமுறையாவது அந்தச் சாலையில் போகிற எனக்கு இத்தனை நாள் இது தெரியாது. 1950-ல் அந்த நூலகம் சென்னை ராமானுஜன் நிறுவனத்துக்குப் போய்விட்டது.

1909-ல் சங்கம் சொந்தமாக ஓர் இதழ் தொடங்கியது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் எம்.டி.நாராயண அய்யங்கார் ஆசிரியர். ஒருவர் கேள்வி அனுப்புவார், வேறு ஊர் ஆசிரியர் விடை அனுப்புவார். 1916-ல் சென்னையில் முதல் மாநாடு கூடியது. அதுவரை எழுத்தில் மட்டும் பழகிய பலர் முகம் பார்த்துப் பேச அது வழி செய்தது.

இனி நீங்கள் எதிர்பார்த்த பெயர். 1910 வாக்கில் திருக்கோவிலூரில் இருந்த ராமசுவாமி அய்யரிடம் ஓர் இளைஞர் குமாஸ்தா வேலை கேட்டு வந்தார், கையில் கணக்கு நோட்டு. அதைப் பார்த்தவர், தாலுகா ஆபீசில் உட்கார வைத்தால் இந்த மூளை வீணாகும் என்று அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அந்த இளைஞர் ராமானுஜன். அவருக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவும், பிறகு போர்ட் டிரஸ்டில் துணை நின்ற நாராயண அய்யரும் சங்கத்துக்காரர்கள். 1911-ல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்ததும் சங்கத்தின் இதழில்தான். பிறருக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டுமென்று அதைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுத வைத்திருக்கிறார்கள்.

வங்கிக்காரன் கணக்கு ஒன்று. 1912-ல் போர்ட் டிரஸ்டில் ராமானுஜனின் சம்பளம் மாதம் 30 ரூபாய். அப்படியானால் சங்கத்தின் ஆரம்பச் சந்தா ஒரு குமாஸ்தாவின் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்! பதவி உயர்வும் இல்லை, இன்க்ரிமெண்டும் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைக்காகக் கையிலிருந்து கொடுத்திருக்கிறார்கள்.

அரசாங்கத்துக்கு இந்த அக்கறை முறையாக வர எண்பது வருடம் ஆயிற்று. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு, 1987-ல் யு.ஜி.சி. அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியது. ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் எல்லாம் அப்படி வந்தவை. குறை சொல்ல மாட்டேன். சந்தா கட்ட வசதியில்லாத ஆசிரியரும் நாலு பேரைச் சந்திக்க அதுதான் வழி செய்தது. ஆனால் பதவி உயர்வோடு முடிச்சுப் போட்டதும், பலருக்குப் படிப்பு போய் சர்டிபிகேட் மட்டும் நின்றுவிட்டது. எங்கள் வங்கிப் பயிற்சிகளிலும் இதே கதைதான், மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் பாடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ராமானுஜன் கிடைத்தது நம் பாக்கியம். ஆனால் அந்தச் சுற்றில் வந்த இதழைப் படித்துவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போன, பெயர் தெரியாத வாத்தியார்கள்தான் என் மனசில் நிற்கிறார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள் எத்தனை பேரோ!

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். பக்கத்துக் கல்லூரிகளில் நாலு பேர், ஒரு ஆடிட்டர், மாதம் ஒருநாள் உட்கார்ந்தால் போதுமே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஆடிட்டர் வருவாரா அண்ணா?"

"கேட்டுப் பாரேன். அவரும் கடிதம் எழுதிக் கேட்டுத்தானே ஆரம்பிச்சார்."

உங்கள் வீட்டிலும் கல்லூரி ஆசிரியர் யாராவது இருப்பார்கள். இந்தக் கதையை அவர்களுக்கும் சொல்லுங்கள்.